வைகை முடிகிற இடத்தில் ஓர் அறிவியல் வகுப்பு

வைகை அணையில் திறந்த தண்ணீர் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் பக்கம் “ஆறு வந்துருச்சு” என்பார்கள். ஆறு ஏதோ பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டுத் திரும்பிய பிள்ளை மாதிரி. நுரையும் சருகும் செருப்பும் முன்னால் உருண்டு வர, காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு அந்த முதல் தண்ணீர் மெல்ல நகர்வதைப் பார்க்கப் பரமக்குடிப் பாலத்தில் இன்றும் ஆட்கள் நிற்கிறார்கள். மணல் அதைக் குடிக்கும் சத்தம் கேட்கும். ஓரத்துக் குழிகளிலிருந்து காற்று குமிழியிட்டு வெளியேறும். புவியீர்ப்பு, நுண்துளை, நீர் ஊடுருவல், வண்டல் படிவு என்று நான்கு பாடங்கள் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன. நான் 20 ஆண்டுகளுக்கு மேல் ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையோரப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவன். அந்த நான்கையும் கரும்பலகையில்தான் நடத்தினேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்து ஆற்றைப் பாருங்கள். பனிமலையில் பிறக்கும். இளமையில் பள்ளத்தாக்கைக் குடையும், நடுவில் வளைந்து நெளியும், முதுமையில் கழிமுகம் கட்டிக் கடலில் சேரும். படம் அழகானது. ஆனால் நயினார்கோவிலிலும் அழகன்குளத்திலும் படிக்கிற பிள்ளை பார்க்கிற ஆறு அதுவல்ல. அந்தப் பிள்ளை பார்ப்பது ஆண்டில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கிற, ஆடு மேய்கிற, சித்திரையில் அழகர் இறங்குகிற, கரையெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்த ஒன்று. ‘நம்ம ஊர்ல இருக்கறது ஆறு இல்ல போல’ என்று அது நினைத்துக்கொள்வதில் என்ன வியப்பு? அறிவியல் வேறெங்கோ நடக்கும் விஷயம் என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து எங்களிடம் வருகிறது. வந்து நேராகக் கடலில் விழுவதில்லை. பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, கால்வாய் கால்வாயாகக் கண்மாய்களை நிறைத்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. அது நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊரை ஒட்டிப் பாக் நீரிணைப் பக்கக் கடலைத் தொடும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் கலக்க மாட்டேன் என்று வைகை வைராக்கியமாக நிற்பதாக ஒரு பழைய கதை உண்டு. கதையைச் சொல்லிவிட்டு, “சரி, உண்மையில் ஏன் கலக்கவில்லை?” என்று கேட்டால் போதும். ஒரு வாரத்துக்கான வகுப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

வைகை மட்டுமல்ல. குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. கோட்டக்கரையாறு காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து கடலைச் சேர்கிறது. எல்லாமே மழையை நம்பிய ஆறுகள். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட ஆற்றை வைத்து என்ன கற்றுக்கொடுப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். வற்றாத ஆற்றை விட இதுதான் நல்ல வகுப்பறை என்பது என் முடிவு. ஆண்டு முழுதும் ஒரே மாதிரி ஓடும் ஆற்றில் மாற்றத்தைப் பார்க்கக் கூர்ந்த கண் வேண்டும். எங்கள் ஆறு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஆறாகிவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த மாற்றம் கண்ணில் அறையும்.

ஆனால் ஒன்று. போனால் போதும் என்பதில்லை.

முதல்முறை நான் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போனது ஒரு சுற்றுச்சூழல் நாளில். அறுபது பேர், ஒரு பேனர், இரண்டு ஆசிரியர்கள். பிளாஸ்டிக் பொறுக்கினோம், உறுதிமொழி எடுத்தோம், படம் எடுத்தோம், வெயில் ஏறுமுன் திரும்பினோம். மறுநாள் வகுப்பில் “ஆற்றில் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “குப்பை சார்” என்றார்கள். அவர்கள் மேல் தவறில்லை. நான் காட்டியது அதைத்தான். ஆற்றை நோயாளியாக மட்டும் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு அதன் மேல் இரக்கம் வரலாம், ஆர்வம் வருவது கடினம். அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் எளிமையானது: ஒரே இடம், ஆண்டுக்கு நான்கு முறை, ஒரே நோட்டு. புரட்டாசியில் ஆறு காய்ந்து கிடக்கும்போது, கார்த்திகையில் ஓடும்போது, தையில் ஓட்டம் தளரும்போது, பங்குனியில் மறுபடி காயும்போது. ஒவ்வொரு முறையும் 20 பேருக்கு மேல் இல்லை. எங்கே நிற்கிறோம் என்பதற்கு ஒரு மைல்கல்லையோ மதகுச் சுவரையோ அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை வகுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கும் அறிவியலும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. ‘அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு’ என்று செய்தி வரும். பிள்ளைகள் காதில் அது வெறும் எண். அந்த எண்ணை அவர்களே அளக்கலாம். கரையோரம் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட வேண்டும். மேல்குச்சிக்குச் சற்று முன்பாக ஒரு தென்னங்குரும்பையைத் தண்ணீரில் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். அது முக்கால்வாசி வெளியே நிற்பதால் வாடைக்காற்று தள்ளிவிடும், பிறகு நாம் அளப்பது ஆற்றை அல்ல, காற்றை. குரும்பை பெரும்பகுதி மூழ்கி, தண்ணீரோடு தண்ணீராகப் போகும். ஒரு குச்சியிலிருந்து அடுத்ததற்கு எத்தனை விநாடி என்று ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுக்கிறோம்.

ஒருநாள் எங்களுக்கு 25 விநாடி வந்தது. அப்படியென்றால் விநாடிக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பு அடியை விட வேகமாக ஓடும். அடியில் மணல் பிடித்து இழுக்கும். அதனால் 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம், 0.34 ஆகும். ஓட்டத்தின் அகலம் 20 மீட்டர். ஆழத்தைத் தரைப்பாலத்தின் மேல் நின்றபடி, கல் கட்டிய கயிற்றை விட்டு ஏழெட்டு இடத்தில் அளந்தோம், சராசரி அரை மீட்டர். குறுக்குப் பரப்பு 10 சதுர மீட்டர். ஆக விநாடிக்கு 3.4 கன மீட்டர், ஏறத்தாழ 120 கன அடி. “ஒரு நாளைக்கு எவ்வளவு சார்?” என்று ஒரு பையன் தானாகவே பெருக்க ஆரம்பித்தான். 86,400 விநாடி. கிட்டத்தட்ட 2,94,000 கன மீட்டர்.

அந்தக் கணக்கு முடிந்ததும் வந்த கேள்விதான் எனக்குப் பெரிது. அணையில் திறந்தது இதை விட எத்தனையோ மடங்கு. மீதி எங்கே போயிற்று? பிள்ளைகள் பட்டியல் போட்டார்கள். மணல் குடித்தது. வழியில் கண்மாய்க்குப் போனது. மோட்டார் வைத்து எடுத்தார்கள். வெயில் குடித்தது. கடைசியாகச் சொன்னதை மட்டும் பள்ளியில் சோதித்தோம். அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, காக்கை குடிக்காமல் கம்பிவலை போட்டு, தினமும் காலை எட்டு மணிக்கு அளவுகோல் வைத்துப் பார்த்தோம். நாளுக்கு 6 மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு ஹெக்டேர் கண்மாயிலிருந்து 60,000 லிட்டர் வானத்துக்குப் போகிறது என்று கணக்குச் சொல்லும். பாத்திரம் கண்மாயை விடச் சூடாகும், அதனால் அதில் ஆவியாதல் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அளவையின் குறையைச் சொல்லாமல் அளவையைச் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம்.

வைகை அணையில் தேங்கும் ஆற்றின் சொந்த நீரில் 12 பங்கில் 7 ராமநாதபுரத்துக்கு, 3 சிவகங்கைக்கு, 2 மதுரைக்கு என்பது நெடுநாள் பங்கீடு. விகிதக் கணக்குக்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? கூடவே வரலாறும் வரும். மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789-லேயே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக, அதாவது அமைச்சராக, இருந்த முத்திருளப்பப் பிள்ளை. நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1895-இல், பென்னிகுவிக் கட்டிய அணையாக அது நிறைவேறியது. பென்னிகுவிக் பெயரைத் தெரிந்த பிள்ளைகளுக்கு முத்திருளப்பப் பிள்ளை பெயர் தெரிவதில்லை. இரண்டும் தெரிய வேண்டும்.

தை மாத வகுப்புக்கு முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே நான் கண்ட ஒரு காலைப் பொழுதை மறக்கவில்லை. ஆற்று ஓட்டம் தளர்ந்திருந்தது, கடல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், தண்ணீர் சுத்திகரிப்புக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கொண்டுபோயிருந்தோம். மேல்தண்ணீரில் நனைத்தோம். ஊர்க் கிணற்றை விடக் கொஞ்சம்தான் அதிகம். பிறகு அடித்தண்ணீர் எடுத்தோம். அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. கண்ணாடிக் குப்பியில் கல் கட்டி, வாயைத் தக்கையால் லேசாக அடைத்து, தக்கையில் தனி நூல் கட்டி இறக்க வேண்டும். அடியைத் தொட்டதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் குப்பிக்குள் ஏறும். குமிழி மேலே வருவது நின்றதும் தூக்கலாம். அந்தத் தண்ணீரில் மீட்டரை நனைத்தபோது அதன் திரை அளவு தாண்டிப் போய்விட்டது. ஒன்றரை மீட்டர் இடைவெளிக்குள் ஆறும் கடலும் மாடி வீடு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று.

பிள்ளைகள் வாய் பிளந்து நிற்க, ஒரு பெண் மட்டும் அசையவில்லை. “இதுக்கா சார் மீட்டர்? மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணின்னு எங்க வாப்பா சொல்வாங்க. அதனாலதான் மடவை மீனுக்கு வலைய மேலாக்க விடுவாங்க” என்றாள். அந்த நொடியில் வகுப்பின் திசை மாறியது. அடுத்த அரை மணி நேரம் பாடம் எடுத்தது அவள்தான். கடல் ஏறும் ஏத்தம் எப்போது, வடியும் வத்தம் எப்போது, அமாவாசைக்கு ஏன் ஏத்தம் கூடுதல், நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நிற்கும்போது ஓதம் கூடும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் முப்பது மதிப்பெண்ணைத் தாண்டாத பெண் அவள்.

கரைவாழ் மக்களின் சொற்கள் அறிவியல் வகுப்புக்குள் வர வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பவை வெறும் காற்றின் பெயர்கள் அல்ல. எந்த மாதம், எந்தத் திசை, எந்தக் கடல் கொந்தளிக்கும் என்ற தகவல் ஒவ்வொரு சொல்லிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று ஆழம் குறைந்த கடல். மற்றது சட்டென்று ஆழம் போகிற கடல். தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் தெற்கே அலை எழும், வடக்கே குளம் போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் தலைகீழ். பருவக்காற்றுப் படத்தில் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதை விட, பாம்பன் பாலத்தின் இருபுறமும் பார்க்கச் சொன்னால் போதும்.

உப்பு என்று வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். 100 மில்லிலிட்டர் கடல்நீரை ஒரு தட்டில் வெயிலில் வைத்தால் மூன்றரை கிராம் உப்பு மிஞ்சும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசு இருந்தால் பிள்ளைகளே நிறுக்கலாம். ஆற்றுநீர், கண்மாய் நீர், பள்ளிக் குழாய் நீர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். குழாயில் வருவது பல ஊர்களில் காவிரி, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கமிருந்து வருவது. வைகைக் கரையில் உட்கார்ந்து காவிரியைக் குடிக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அடுத்து முட்டை. கடல்நீரில் புது முட்டை மிதக்கும் என்றே எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். மூழ்கும். வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தி நீரில் போட்டால் மிதக்கும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைதான் கூடுதல், முட்டையைத் தூக்க அது போதாது. சொன்னதும் நடந்ததும் வேறாக இருக்கும்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது.

காரங்காட்டுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொல்வேன். கரிக்கும். உப்பு நீரை உறிஞ்சி, வேண்டாத உப்பை இலை வழியாகத் துப்புகிற மரம் அது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மூச்சுவிட வெளியே வருகிறது. ஒரு வேரையும் மிதித்து ஒடித்துவிடக் கூடாது. இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் நடக்கிற நடையே மாறிவிடும். இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஒதுங்கி வளர்வது இந்த வேர்களுக்கு நடுவில்தான். கொடுவா கடலில் முட்டையிட்டு, குஞ்சுகள் உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வந்து வளரும் மீன். மழை குறைந்து முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் அந்த வழி மூடிப்போகும். ஆற்றில் தண்ணீர் கடலுக்குப் போவது வீண் என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பேச்சை முகத்துவாரத்தில் நின்று ஒருமுறை மறுபடி யோசிக்க வேண்டும். வீண் என்று வலைக்காரர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி காய்ந்த ஆறு. என் நண்பர்கள் நம்ப மறுப்பது இந்தப் பங்குனி வகுப்பைத்தான்.

கண்மாய்த் தரையில் வெடித்துக் கிடக்கும் மண்ணை மேலாக ஒரு பிடி எடுத்து, அகன்ற பாத்திரத்தில் பரப்பி, மழைநீரோ நாள்பட வைத்துக் குளோரின் போன குழாய்நீரோ ஊற்றி, ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீரில் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளும். கைக்கண்ணாடியில் பார்த்தால் நீர்த்தெள்ளும், ஓட்டுக்குள் ஒளிந்த சின்னஞ்சிறு உயிர்களும் தெரியும். அவற்றின் முட்டைகள் மாதக் கணக்கில், சில வகைகள் ஆண்டுக் கணக்கில், காய்ந்த மண்ணில் செத்தது போலக் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிப்பவை. செத்த ஆறு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். விரால் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடப்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அது காற்றிலிருந்தும் மூச்செடுக்கக்கூடிய மீன் என்பதால்தான் முடிகிறது என்று சேர்த்துச் சொன்னால், வீட்டில் கேட்டது அறிவியலாகிவிடும்.

அடுத்து ஊற்று. மணலைத் தோண்டித் தண்ணீர் எடுப்பது எங்கள் பெண்களுக்குப் பழைய வேலை. கடலுக்குச் சில நூறடி தள்ளி மணல்மேட்டில் தோண்டினாலும் நல்ல தண்ணீர் ஊறும். தனுஷ்கோடிப் பக்கம் இன்றும் பார்க்கலாம். எப்படி? மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி வேறுபாடு சிறியதாக இருப்பதால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்க முடியும் என்பது விதி. தலைகீழாகவும் படிக்க வேண்டும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு 40 மீட்டர் ஏறி வரத் தொடங்கும். ஒரே நாளில் ஏறிவிடாது, ஆனால் ஏறும். கண்ணாடிக் குவளையில் நீலம் கலந்த உப்புநீரும், மேலே மெல்ல ஊற்றிய நன்னீரும், உறிஞ்சு குழலும் இருந்தால் இதை மேசை மேல் காட்டிவிடலாம். மெல்ல உறிஞ்சினால் நன்னீர் வரும், வேகமாக உறிஞ்சினால் நீலம் ஏறிவிடும். கரையோரக் கிணறுகள் ஏன் உப்பாகின என்று பிள்ளைகளின் பாட்டிமார்கள் சொல்லும் கதைக்கு விடை அந்தக் குவளையில் இருக்கிறது.

சீமைக்கருவேலம் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டுகிறது என்று ஊரே சொல்கிறது. நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், சோதியுங்கள் என்றேன். காலையில் ஒரு கிளைக்குப் பாலித்தீன் பையை மாட்டி வாயைக் கட்டினோம். பக்கத்து வேம்புக்கும் ஒன்று. மதியம் இரண்டு பையிலும் உட்புறம் நீர்த்துளி. இலை தண்ணீரை எடுக்கவில்லை, விடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்விக்கு வேரைத் தேடிப் போக வேண்டும், அங்கே மரத்தின் மேலுள்ள குற்றச்சாட்டு முழுக்கப் பொய்யில்லை என்பதும் தெரியும். நெருங்கி வளர்ந்து மண்ணின் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது, மற்ற செடியை வளரவிடுவதில்லை. ஊர்ப்பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நாளை செல்பேசியில் வரும் செய்தியையும் பிரிக்கத் தெரியும்.

அழகன்குளத்துக்கு ஆற்றோடு போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானிய நாணயங்களும் மேலைநாட்டுச் சாடிகளின் ஓடுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த இடம் அது. முகத்துவாரத்தில் ஏன் துறைமுகம் வைத்தார்கள், பிறகு ஏன் அது ஒழிந்தது என்று கேளுங்கள். வணிகம், அரசியல் என்று பல காரணம் சொல்லலாம். கண்ணாடி ஜாடியில் ஆற்று மண்ணைப் போட்டுக் குலுக்கி வைத்து, முதலில் மணலும் பிறகு வண்டலும் மணிக்கணக்கில் களியும் படிவதைப் பார்த்த பிள்ளை, தானாகவே “ஆறு தூர்ந்துபோயிருக்குமோ சார்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி போதும்.

ஆற்றை வகுப்பறையாக்குவது புதிய யோசனை அல்ல. 1980-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஆற்றில் விளையாடிய உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளே, பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் துணையோடு, ஆற்று நீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து பல நாட்டுப் பள்ளிகளை இணைத்தது. நம் நாட்டில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அது பெரும்பாலும் ஒரு புத்தகமாகவும் ஒரு பரீட்சையாகவும் சுருங்கியது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. நல்ல முயற்சி. அந்தச் சோதனைப் பெட்டியோடு ஆண்டுக்கு நான்கு முறை பள்ளி வாசலைத் தாண்ட ஒரு சுற்றறிக்கை கிடைத்தால் ஆசிரியர்களின் பாதிப் பயம் போய்விடும்.

பயம் நியாயமானது. மணல் அள்ளிய குழி தண்ணீருக்குள் தெரியாது. நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். அதனால் ஓடும் ஆற்றில் பிள்ளைகளை இறக்கவே கூடாது என்பது என் விதி. அளப்பதெல்லாம் பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும்தான். அணையில் திறப்பு எவ்வளவு என்று அன்று காலை கேட்டுக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது. முகத்துவாரத்துக்குப் போனால் அந்த ஊர் மீனவர் ஒருவர் கூட இல்லாமல் போகக் கூடாது, அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். முள்ளுக்கும் வெயிலுக்கும் செருப்பும் தொப்பியும் தண்ணீரும் போதும். பெற்றோரிடம் கையெழுத்து மட்டும் வாங்காமல், முடிந்தால் இரண்டு பேரைக் கூடவே அழைத்து வாருங்கள். ஆடு மேய்க்கும் அம்மாவுக்கும் மதகு திறக்கும் நீர்ப்பாய்ச்சி அண்ணனுக்கும் பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கிறது. பாடம் முடிக்க நேரமில்லை என்பார்கள். நான்கு அரைநாள். அடர்த்தி, ஆவியாதல், உணவுச் சங்கிலி, தகவமைப்பு, வேகம், பரப்பளவு, விகிதம் எல்லாம் அதற்குள் அடங்கும்போது எந்தப் பாடம் விட்டுப்போகிறது?

நோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அது யாருடைய சொந்த நோட்டும் அல்ல. ஒன்பதாம் வகுப்பு எழுதியதை அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு வாங்கிக்கொள்ளும். தேதி, இடம், காற்று, தண்ணீர், உப்பு, பார்த்த உயிர், கேட்ட சொல் என்று கட்டம் போட்டிருக்கும். ஒரு பங்குனிப் பக்கத்தில் தண்ணீர் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி, அடுத்து வந்த பிள்ளைகள் அதை அடித்துவிட்டு, ‘மேலே இல்லை. இரண்டேகால் அடியில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். கீழே அவர்கள் தோண்டிய குழியின் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல்.